ஒரே ஒரு கோடு

அலுவலகக் கதவின் மேல்பாதி மேடுபள்ளமான கண்ணாடி. வெளிச்சம் வரும், முகம் தெரியாது. வெளியே யாராவது வந்து நின்றால் அவர்கள் உடுத்தியிருக்கும் நிறம் மட்டும் துண்டு துண்டாக உடைந்து அசையும். அதைப் பார்த்து, வந்திருப்பது யார் என்று முன்கூட்டியே சொல்வது கண்டக்டரின் பொழுதுபோக்கு. பத்துக்கு எட்டு முறை தப்பாகத்தான் சொல்வார்.

"பச்சை. நடுவுல பழுப்பா ஒரு சதுரம்," என்றார் அன்றைக்கு. "கூரியர் ஆளு மேடம். பெட்டியோட வந்திருக்கான்."

கதவு திறந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், பழைய திரைச்சீலையில் சுற்றிய பலகை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பச்சை உடுப்பு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து எழுந்தவள் அதைக் கழற்ற மறந்து வந்திருக்கிறாள்.

"சதுரம் சரி. கூரியர்தான் காணோம்," என்றார் சர்வேயர். அவர் இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் அளந்து பார்த்தவர். வேலையை விட்டு இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கண்டக்டர் இருபத்தாறு வருடம் பஸ்ஸில் நின்றவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த நாளில் பையைக் கழற்றி வைத்துவிட்டு, "சும்மா உட்கார்ந்தா துருப்பிடிச்சுடுவேன் மேடம்" என்று இங்கே வந்து சேர்ந்தவர்.

"உட்காருங்கக்கா. தையல் கடையா?" என்றார் கண்டக்டர். சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் சர்வேயரைப் பார்த்தார்.

தையல்காரி நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"என் தம்பியைக் காணோம். மூணு வருஷமாச்சு. நேத்து ஃபிரேம் கடையில இது கிடைச்சுது."

துணியைப் பிரித்தாள். இரண்டு முழ நீள பிளைவுட் பலகை. அதில் ஒரு காலை நேரம் இருந்தது. மேலே வெளிறிய வானம், கீழே பல விதப் பச்சை. இடது பக்கம் உயரமாக ஏதோ ஒன்று வெண்மையாக நின்றது. வலது பக்கம் மரக்கூட்டமாக இருக்கலாம். நடுவில் சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒரு பரப்பு பளபளத்தது. அதன் ஓரத்தில் நகத்தளவு நீலத் தீற்றல். எட்டி நின்று பார்த்தால் முகத்தில் குளிர்ந்த காற்று படுவது போலிருந்தது. கிட்டே போனால் ஒன்றுமில்லை. பட்டாணி அளவுத் தீற்றல்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பலகை முழுக்க. அவற்றுக்கு நடுவே, இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரே ஒரு கோடு.

"கிராமம்," என்றார் கண்டக்டர் பெருமூச்சோடு. "நடுவுல ரோடு போகுது. அந்தக் கோடு லைட் கம்பம். போய் அங்கேயே படுத்துத் தூங்கலாம் போல இருக்கு."

"எனக்கு உப்பளம் மாதிரி தெரிஞ்சுது. ஃபிரேம் கடைக்காரர் மேகம் தரையில இறங்கியிருக்குன்னார்."

"இது உங்க தம்பி வரைஞ்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

அவள் பலகையைப் பக்கவாட்டில் திருப்பினாள். நாலு விளிம்பும் செங்காவி நிறத்தில் இருந்தன.

"அவன் போர்டு எழுதறவன். கடைப்பலகை, ஆஸ்பத்திரிப் பலகை எல்லாம். மழைத்தண்ணி விளிம்பு வழியாத்தான் பலகைக்குள்ள இறங்கும், இறங்கினா ஆறு மாசத்துல உப்பிடும்னு, எழுத்து எழுதறதுக்கு முன்னாடியே நாலு விளிம்புக்கும் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிப்பான். இந்த ஊர்ல வேற யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டாங்க. வீட்டுக்குள்ள மாட்டற படத்துக்கு எதுக்கு அது? கை பழக்கம், வேறென்ன."

"அப்புறம் ஏன் உங்க குரல்ல சந்தேகம் இருக்கு?"

"ஏன்னா அவன் இப்படி வரைய மாட்டான்." அவள் தீற்றல்களை விரலால் தடவினாள். "அவனை எல்லாரும் கோடுன்னுதான் கூப்பிடுவாங்க. ஸ்கேல் வைக்காம, நூல் பிடிக்காம, இருபதடிக்கு நேர்க்கோடு இழுப்பான். கோடு போடாம ஒரு பூனைகூட வரைஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். 'மச்சானாவது இப்படிப் புள்ளி வைக்கிறதாவது, யாரோ பொழுதுபோகாதவன் வரைஞ்சது'ன்னுட்டார். ஆனா இந்த ஒரு கோடு இருக்கே..." கறுப்புக் கோட்டின் மேல் விரல் நின்றது. "இது வேற யாராலயும் முடியாது."

சர்வேயர் குனிந்து, தடிமனான ஒரு தீற்றலில் நகத்தை அழுத்தினார். மேல்தோல் காய்ந்திருந்தது. உள்ளே இன்னும் இளக்கம்.

"எனாமல் பெயிண்ட். இது வரைஞ்சு மூணு நாலு மாசத்துக்கு மேல ஆகல."

தையல்காரியின் கைகள் மேசை விளிம்பைப் பிடித்தன. "அப்ப உயிரோட இருக்கான்."

"மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி இருந்திருக்கார். அதுக்கு மேல இந்தப் பலகைக்குத் தெரியாது."

பலகையின் பின்புறத்தைப் பார்த்தார். வெறும் மரம். ஒரு ஓரத்தில் பிளைவுட் கம்பெனி முத்திரை, ஊதா நிறத்தில், பாதி வட்டமாக அறுபட்டிருந்தது.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"மருந்துக் கடைக்குப் போர்டு மாட்டப் போன அன்னைக்கு. எங்க வீட்டுக்காரர் தச்சு வேலை. பலகை அறுத்துக் கொடுக்கறது அவர், எழுதறது இவன். மாட்டப் போறப்ப ரெண்டு பேரும் போவாங்க. 'ஏணியை நீங்கதான் பிடிக்கணும், வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்'னு தினமும் சொல்லி அனுப்புவேன். எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. இடுப்பை விட்டு இறக்காம வளர்த்தேன்." கழுத்திலிருந்த நாடாவை விரலில் சுற்றினாள். "சாயந்திரம் அவர் மட்டும் ஏணியும் பிரஷ் பெட்டியுமா வந்தார். வெளியூர்ல பெரிய காண்ட்ராக்ட், ஆள் வந்து அப்படியே கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னார். ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் போலீஸ்ல எழுதிக் கொடுத்தேன். வளர்ந்த ஆளு, இஷ்டப்பட்டாப் போவான், இஷ்டப்பட்டா வருவான்னு சொல்லிட்டாங்க."

சர்வேயர் குறிப்பேட்டில் எதையோ எழுதி அடிக்கோடிட்டார். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டருக்கு 'பிரஷ் பெட்டி' என்ற சொல் மட்டும் தெரிந்தது.

தச்சரின் பட்டறை தையல் கடைக்குப் பின்னாலேயே இருந்தது. மரத்தூள் மணத்துக்கு நடுவில் அவர் ஒரு மேசைக்காலை இழைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். பையில் பென்சில் செருகிய நீலச் சட்டை, காலர் தேய்ந்து நூல் விட்டிருந்தது.

"வேற நிறமே போட மாட்டார். ஒரே துணியில நாலு தைச்சு வெச்சிருக்கேன், மாத்தி மாத்தி அதேதான்," என்றாள் தையல்காரி.

"யூனிஃபாரம் மாதிரி. எனக்குக் காக்கி, இவருக்கு நீலம்," என்றார் கண்டக்டர்.

தச்சர் மரியாதைக்குச் சிரித்தார். சர்வேயர் பலகையை மேசை மேல் நிறுத்தியபோது அந்தச் சிரிப்பு இறங்கியது.

"ஏற்கெனவே சொன்னேனே இவகிட்ட. மச்சான் கை இல்ல இது."

"கை யாரோடதா வேணா இருக்கட்டும். படம் எப்படி இருக்கு?"

தச்சர் உளியை எடுத்தார், வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. குளத்தங்கரையில ஆள் அரவமே இல்ல. நிம்மதியான இடம். மச்சான் எங்க, இந்த மாதிரி இடம் எங்க. அவனுக்கு ரோட்டுச் சத்தம் இல்லாட்டி வேலையே ஓடாது."

"அவர் போன பிறகு போர்டு வேலை வருதா?"

"அறவே விட்டுட்டேன். மூணு வருஷமா மேசை, கட்டில் மட்டும்தான்."

சர்வேயர் பட்டறையைச் சுற்றி நடந்தார். ஏணி சுவரில் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பிளைவுட் தாள் சாய்ந்து நின்றது. அதன் ஒரு மூலை சதுரமாக அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த இடத்தின் ஓரத்தில் ஊதா நிறத்தில் அரை வட்டம். தாளின் மேல் தூசு படிந்திருந்தது, ஆனால் அதிகமில்லை. அலமாரி மேல் ஒரு பிரஷ் பெட்டி. திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஞாயித்துக்கிழமையிலயும் வேலை உண்டா?"

"மாசத்துல முதல் ஞாயிறு மட்டும் மரக்கிடங்குக்குப் போவார். காலையில போனா சாயந்திரம்தான்," என்று தையல்காரியே பதில் சொன்னாள்.

தச்சர் மறுபடி இழைக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் கண்டக்டர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். ஃபிரேம் கடைக்காரருக்குப் பலகையை விற்றது ஒரு பழைய சாமான் வியாபாரி. எங்கே எடுத்தது என்று அந்த ஆளுக்கு நினைவில்லை. அந்த வாரம் மட்டும் ஐந்து இடங்களில் வண்டி நிறையச் சாமான் ஏற்றியிருக்கிறார்.

"ஒரு பள்ளிக்கூடம், மூடிப்போன நூல் மில்லு, சினிமாக் கொட்டகை, ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு, அதுக்கும் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லம். மனசு சரியில்லாதவங்க, பேச்சு போனவங்களை வெச்சுப் பார்த்துக்கிற இடம். அதையும் மூடிட்டாங்களாம். நான் சொல்றேன் மேடம், பண்ணை வீடுதான். வயல் படம், பண்ணை வீடு. ரெண்டும் ரெண்டும் நாலு."

சர்வேயர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டீ வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

"மேடம், கதவு. ரெண்டு கையிலயும் டீ."

சர்வேயர் எழுந்தார். இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியில் காக்கி நிறம் பட்டாணி பட்டாணியாக உடைந்து நின்றது. அதற்குப் பின்னால் எதிர்க்கடைச் சுவரின் மஞ்சளும் அதே அளவில், அதே வரிசையில். அவர் பலகையைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஆடாம நில்லுங்க."

"டீ ஆறுது மேடம்."

"ஆறட்டும். கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. மூக்கைக் கண்ணாடியில ஒட்டுங்க."

காக்கி மூட்டத்தின் நடுவே கண்டக்டரின் மூக்கு மட்டும் தெளிவாக, அதன் மேலிருந்த மச்சத்தோடு, தெரிந்தது. சர்வேயர் கதவைத் திறந்தார். முகத்தில் வெற்றியின் சாயல் எதுவும் இல்லை.

"உட்காருங்க. இந்தப் படத்துல வானத்துல இருக்கிற தீற்றலும், பக்கத்துப் புல்லுல இருக்கிற தீற்றலும் ஒரே அளவு. தூரத்துக்குச் சின்னது, கிட்டத்துக்குப் பெரிசுன்னு இல்ல. செங்கல் அடுக்கின மாதிரி வரிசை வேற. மனசுல தோணறதை அள்ளித் தெளிக்கிற ஓவியர் இப்படி வைக்க மாட்டார். ஒரு தீற்றலாவது கோணும்."

"அப்ப இவரு?"

"கண்ணுக்கு முன்னாடி இருந்ததை அப்படியே பிரதி எடுத்திருக்கார். போர்டு எழுதறவர் வேலையே அதுதானே. அவங்கக்கா சொன்னது நிஜம், அவர் புள்ளி வைக்கிற ஆள் இல்ல. புள்ளி வெச்சது கண்ணாடி."

கண்டக்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "கோடு?"

"தூரத்துல இருக்கிறதைத்தான் இந்தக் கண்ணாடி உடைக்கும். ஒட்டி நிக்கிறதை உடைக்காது, உங்க மூக்கு மாதிரி. அது லைட் கம்பம் இல்ல, ஜன்னல் கம்பி. படத்துலயே நேரா தெரிஞ்ச பொருள் அது ஒண்ணுதான். அதனால அதை நேரா போட்டிருக்கார்."

கண்டக்டர் டீயை மேசையில் வைத்தார்.

"ஜன்னலைத் திறக்க முடிஞ்ச மனுஷன் இப்படி ஒரு கண்ணாடி வழியா வயலைப் பார்த்து வரைய மாட்டான்," என்றார் சர்வேயர். "கதவைத் திறந்து போக முடிஞ்சவன் அந்த அறையிலயே உட்கார்ந்திருக்க மாட்டான். பண்ணை வீடு இல்ல. அந்த இல்லத்துக்கு எந்த பஸ் போகும்?"

ஊரில் எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டால் கண்டக்டரின் முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு அவர் எண்ணை மட்டும் சொன்னார்.

அடுத்த நான்கு நாட்கள் இருவரும் அலுவலகத்தில் இல்லை. ஐந்தாம் நாள் காலையில், தையல்காரியையும் தச்சரையும் அந்த இல்லத்துக்கு வரச் சொல்லியிருந்தார் சர்வேயர். கடைசி நிறுத்தத்தில் இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். தையல்காரி முன்னால் நடந்தாள். வழி தெரியாதவள் என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கண்டக்டரைப் பார்த்தாள். தச்சர் எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. சர்வேயர் அதைக் கவனித்ததைக் கண்டக்டர் கவனித்தார்.

கட்டடம் காலியாக இருந்தது. கட்டில்கள் கிடந்த இடங்களில் தரை மட்டும் வெளுத்திருந்தது. பூட்டைத் திறந்துவிட்ட காவல்காரர், வயதான மனிதர், கடைசி அறைக்குக் கூட்டிப் போனார். குறுகலான ஒரு ஜன்னல். சட்டத்தை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். மேடுபள்ளமான கண்ணாடி, அதை ஒட்டி நடுவில் ஒரே ஒரு இரும்புக் கம்பி. ஜன்னலுக்குச் சற்று வலதுபுறம் தரையில் எனாமல் சொட்டிக் காய்ந்த கறைகள் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வளைந்திருந்தன.

சர்வேயர் பலகையை ஜன்னல் திட்டில் வைத்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. கறைகளுக்கு மேல் நின்று பார்த்தால் கம்பியும் கோடும் ஒரே இடத்தில் விழுந்தன.

தையல்காரி அந்தக் கறைகளின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க ஒருத்தர் இருந்தார்," என்றார் காவல்காரர். "பேச மாட்டார். யாரையும் தெரியாது. பிரஷைக் கொடுத்தா மட்டும் கை நடுங்காது. மாசத்துக்கு ஒரு பலகை, எல்லாத்துலயும் இதே படம். நாங்க ஊமைப் பெயிண்டர்னு சொல்லுவோம்."

"பெயர்?"

"ரிஜிஸ்டர்ல 'பெயர் தெரியாது, உறவினர் இல்லை'ன்னு இருந்துச்சும்மா. ரோட்டுல கிடந்தார்னு யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தாங்களாம். அப்ப நான் வேலைக்கு வரல."

சர்வேயர் தச்சரைப் பார்க்காமல் பேசினார். "பெயரே தெரியாத ஒருத்தருக்குப் பெயிண்டும் பிரஷும் பலகையும் யார் கொடுத்தாங்க? அவர் பெயிண்டர்னு தெரிஞ்ச யாரோ. அதுதான் என் முதல் கேள்வி. வெளியூர் காண்ட்ராக்டுக்குப் போனவர் தன் பிரஷ் பெட்டியை விட்டுட்டுப் போனார்னு சொன்னீங்க. பெட்டியைத் திறந்தேன். பிரஷெல்லாம் கட்டியா காய்ஞ்சு கிடக்கு. நடுவுல ரெண்டு இடம் மட்டும் காலி, தூசுகூட இல்ல. அப்புறம் கண்டக்டர், அதைக் காட்டுங்க."

கண்டக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தச்சரின் பிளைவுட்டில் இருந்த அரை முத்திரையை நேற்றுத் தையல்காரியின் அனுமதியோடு பென்சிலால் பிரதி எடுத்திருந்தார். பலகையைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தார். வட்டம் முழுதாயிற்று.

"கிழிச்ச டிக்கெட் மாதிரி பொருந்துது," என்றார் மெதுவாக. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"மூணு வருஷமா போர்டு வேலை இல்லன்னீங்க. சில மாசத்துக்கு முன்னாடி அறுத்த பலகை இது," என்றார் சர்வேயர். "ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே நீங்களே சொல்லிட்டீங்க. இந்த வெள்ளையைக் கண்டக்டர் ரோடுன்னார். உங்க மனைவி உப்பளம்னாங்க. ஃபிரேம் கடைக்காரருக்கு மேகம். உங்களுக்கு மட்டும் குளம். கூடவே, கரையில ஆள் அரவம் இல்லன்னீங்க. ஆள் இருக்கான்னு நான் கேட்கவே இல்லையே."

தச்சர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அந்த அறையின் வாசலைத் தாண்டி அவர் ஒரு அடிகூட வைக்கவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"டீக்காரன் வந்தான்," என்றார். "மருந்துக் கடைக்காரர் வாங்கிக் கொடுத்தார். 'மாமா, எனக்கும் ஒண்ணு'ன்னு மேலேருந்து சொன்னான். ரெண்டு கையிலயும் ரெண்டு கிளாஸ் வாங்கினேன். ஏணியை விட்டுட்டுத்தானே வாங்கணும்."

தையல்காரி திரும்பவில்லை.

"ஒரு வாரத்துல கண் முழிச்சுப் பேசிடுவான்னு டாக்டர் சொன்னார். ஒரு வாரந்தானே, அதுவரைக்கும் காண்ட்ராக்டுன்னு சொல்லிவைப்போம், அவன் பேசின பிறகு அவனே சொல்லட்டும்னு நினைச்சேன். மருந்துக் கடைக்காரரையும் வாயைத் திறக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். கண் முழிச்சான். பேசல. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு..." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உறவுன்னு எழுதினா வீட்டுக்குக் கடுதாசி வரும். அதான் இல்லன்னு எழுதச் சொன்னேன்."

"மாசா மாசம் வந்து பார்த்தீங்களா?" இப்போதுதான் தையல்காரி வாயைத் திறந்தாள்.

"வந்தேன்."

"உள்ள வந்து?"

காவல்காரர் தச்சரின் சட்டையை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா," என்றார். "முதல் ஞாயித்துக்கிழமை கேட்டுல பலகையும் டப்பாவும் வெச்சுட்டுப் போவீங்க, முகத்தைக் கிட்டப் பார்த்ததில்ல. போய் அந்தக் குளத்தங்கரையில நிப்பீங்க. வெயில் ஏறுற வரைக்கும். யாரோ பெயிண்டுக் கம்பெனி தர்மம் பண்ணுதுன்னு நெனச்சோம்."

"எல்லாப் பலகையிலயும் இந்த நீலம் இருந்துச்சா?" என்று கேட்டார் சர்வேயர்.

"இருந்துச்சும்மா. நான் மீன்கொத்தின்னு நெனச்சேன்."

தச்சர் முதன்முறையாகப் பலகையைக் கிட்டே போய்ப் பார்க்க ஒரு அடி எடுத்து வைத்து, மறுபடி வாசலுக்கே பின்வாங்கினார்.

"சரி," என்றாள் தையல்காரி. எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நடந்தது நடந்துபோச்சு. அவன் இப்ப எங்க? எங்க மாத்தியிருக்காங்க? கூட்டிட்டுப் போறேன்."

இந்தக் கேள்விக்காகத்தான் சர்வேயர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டைப் பிரித்தார், பிரித்ததைப் படிக்காமல் மூடினார்.

"இல்லத்தை மூடினப்ப உறவினர் இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. 'உறவினர் இல்லை'ன்னு எழுதியிருந்த பதினோரு பேரை மட்டும் ஒரு வேன்ல ஏத்தி, வேற ஊர்ல இருக்கிற பெரிய விடுதிக்கு அனுப்பினாங்க. நாங்க அங்க போனோம். பத்துப் பேர்தான் போய்ச் சேர்ந்திருக்காங்க."

"பதினோராவது?"

"வழியில பெட்ரோல் போட நிறுத்தினப்ப இறங்கியிருக்கணும். அங்க யாரும் எண்ணிப் பார்க்கல. பெயர் இல்லாத ஒருத்தர் குறைஞ்சார்னு எங்கயும் புகாரும் கொடுக்கல."

"இருபத்தாறு வருஷம்," என்றார் கண்டக்டர் தரையைப் பார்த்து. "தலை எண்ணாம ஒரு தடவைகூட நான் விசில் கொடுத்ததில்ல."

"எத்தனை நாளாச்சு?"

"நாப்பத்திரண்டு நாள்."

அந்த எண்ணைக் கேட்டதும் தையல்காரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "போன முதல் ஞாயிறு வந்தேன். பூட்டியிருந்தது."

"அன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உப்பு குறைச்சல்னு சொன்னீங்க."

சர்வேயர் தொடர்ந்தார், எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது போல. "ஆஸ்பத்திரிகள்ல கேட்டாச்சு. பிணவறையிலயும் கேட்டாச்சு. அந்த பெட்ரோல் பங்க்லேருந்து ரெண்டு பக்கமும் பத்துப் பத்து மைல் கேட்டோம். யாரும் பார்க்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் இருந்துச்சு. பங்க்கோட மதில் சுவர்ல, செங்கல் துண்டால இழுத்த ஒரு கோடு. நெஞ்சு உயரத்துல, முப்பதடி நீளம். அளந்து பார்த்தேன். எங்கயும் அரை அங்குலம்கூட ஏறி இறங்கல."

"எது வரைக்கும் போகுது?"

"சுவர் முடியற வரைக்கும். அதுக்கப்புறம் வயல்."

வெளியே ஏதோ பறவை கத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் அசைந்ததாகத் தெரியவில்லை. இந்த வழக்கில் தான் கண்டுபிடிக்காதது எதுவும் இல்லை, ஆளைத் தவிர, என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார். எரிந்துபோன கடைகளில் நெருப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று அவரால் எப்போதும் சொல்ல முடிந்திருக்கிறது. அதனால் ஒரு கடையும் திரும்ப எழுந்ததில்லை.

"போட்டோ போட்டு நோட்டீஸ் ஒட்டலாம்க்கா. எல்லா டிப்போலயும் எனக்கு ஆள் இருக்கு," என்றார் கண்டக்டர்.

"ஒட்டுங்க," என்றாள் அவள். அந்தச் சொல்லில் நம்பிக்கை எதுவும் இல்லை. அவர் மனம் கோணக்கூடாதே என்பதுதான் இருந்தது.

அவள் மறுபடி அந்தக் கறைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பலகையைத் திட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க."

தச்சர் நிமிர்ந்தார்.

"போய் அங்க நில்லுங்க."

"எங்க?"

"எப்பவும் நிக்கிற இடத்துல."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தாழ்வாரத்தில் அவருடைய காலடிச் சத்தம் போனது. முன்கதவு, பிறகு கேட். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடியின் ஒரு ஓரத்திலிருந்து நகத்தளவு நீலம் ஒன்று புறப்பட்டு, பச்சைகளுக்கு ஊடே உடைந்து உடைந்து நகர்ந்து, வெள்ளைப் பரப்பின் கரையில் போய் நின்றது.

தையல்காரி மடியிலிருந்த படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையைக் காட்டறாரா?" என்று கேட்டாள். "இல்ல, அழறாரா?"

கண்டக்டர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஏதாவது சொல்லிவிட அவருக்கு ஆசையாக இருந்தது. எப்போதும் சொல்லிவிடுவார்.

"தெரியலக்கா," என்றார்.

"அவனுக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள் தையல்காரி. நீலம் நின்ற இடத்திலேயே நின்றது. அவரைக் கூப்பிடச் சொல்லி அவள் யாரிடமும் சொல்லவில்லை.